ஏற்பும் முயற்சியும்: முற்காலக் குவேக்கர் இல்லங்களில் நோய்

வீட்டில் ஒருவர் நோயுற்றுப் படுக்கும்போதுதான் அவ்வீட்டார் நாள்தோறும் ஓதிவரும் கொள்கையின் உண்மை வலிமை வெளிப்படுகிறது. துன்பத்தை அமைதியோடு ஏற்றுக்கொள்க என்று அறநூல்கள் பலவும் கூறுகின்றன. ஆயினும், காய்ச்சலில் அனற்றும் குழந்தையின் அருகே இரவெல்லாம் கண்விழித்திருக்கும் தாயிடம் சென்று அவ்வறிவுரையைக் கூற எவருக்கும் நா எழாது. அவள் ஏற்றுக்கொண்டவள் என்றால் மருத்துவரை ஏன் அழைக்கிறாள்? மருத்துவரை அழைத்தவள் என்றால் ஏற்காதவள் ஆகிவிடுவாளா? அமைதி என்பது அன்பின் குறைவா? இவ்வினாக்களை நம்மவர் பலமுறை பலவாறு ஆராய்ந்துள்ளனர். இம்முறை கடல்கடந்து, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேறொரு மக்களின் வீடுகளுக்குள் சென்று, அங்கே இவ்வினா எவ்வாறு வாழப்பட்டது என்று காண விழைகிறோம்.

நாம் குறிப்பிடும் மக்கள், நண்பர்கள் சங்கத்தார் எனத் தம்மை அழைத்துக்கொண்ட குவேக்கர்கள் ஆவர். பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் பாக்ஸ் என்பாரின் முயற்சியால் தோன்றிய கிறித்தவப் பிரிவினர். ஒவ்வொரு மனிதரின் உள்ளத்திலும் இறையொளி உண்டு என்பது அவர்தம் அடிப்படைக் கொள்கை. ஆகவே அவர்களுக்குக் குருமார் இல்லை, சடங்குகள் இல்லை, கூடத்தில் ஒன்றுகூடிப் பேசாமல் அமர்ந்திருப்பதே வழிபாடு. உள்ளம் தூண்டினால் ஆணோ பெண்ணோ எழுந்து சில சொற்கள் கூறலாம். படைக்கலம் ஏந்த மறுத்தனர். நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யவும் மறுத்தனர். பிரமாணத்தின்போது மட்டும் உண்மை பேசுவது என்றால் மற்ற வேளைகளில் பேசுவது என்ன என்பது அவர்கள் வாதம். மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் பழைய தெய்வங்களின் பெயர்கள் வழங்கிவந்தமையால் அவற்றை விலக்கி, முதல் மாதம், நான்காம் நாள் என எண்களால் குறித்தனர். எளிய உடை உடுத்தனர். இறந்தவர்க்காகத் துக்க உடை அணிவதையும் கல்லறைக் கல் நாட்டுவதையும் நெடுங்காலம் ஏற்கவில்லை.

இவற்றைப் படிக்கும் நம் வாசகர்களுக்கு ஒரு நெருக்கம் தோன்றுவது இயல்பு. எனினும் படைத்தவன் ஒருவன் உண்டென்றும், நோயும் நலமும் அவன் கையிலிருந்து வருவன என்றும் நம்பியவர்கள் அவர்கள், புலால் உண்டவர்கள். ஒப்புமையை அளவுக்கு மேல் இழுத்தால் அவர்களையும் அறியமாட்டோம், நம்மையும் அறியமாட்டோம்.

குவேக்கர் இல்லத்தின் அன்றாடத்தை அறிய நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளுள் தலைசிறந்தது, வட அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த எலிசபெத் டிரிங்கர் என்னும் அம்மையாரின் நாட்குறிப்பு. 1735இல் பிறந்த அவர் 1758இல் எழுதத் தொடங்கி, 1807இல் இறக்கும் வரையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எழுதினார். அச்சிடும் எண்ணத்தோடு எழுதியதன்று. அது முழுமையாக மூன்று தொகுதிகளாக வெளிவந்தது 1991இல்தான். கணவர் ஹென்றி டிரிங்கர் செல்வாக்குள்ள வணிகர். அம்மையார் ஒன்பது மக்களைப் பெற்றார். வளர்ந்து ஆளானவர் ஐவர். உடன்பிறந்தவரான மேரி மணம் செய்துகொள்ளாமல் அவ்வீட்டிலேயே தங்கி இல்லப் பொறுப்பைப் பெரிதும் சுமந்தார். அவர் இருந்ததனால்தான் எலிசபெத்துக்குப் பிள்ளைகளைக் கவனிக்கவும் எழுதவும் நேரம் வாய்த்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். பெரியோர் பலரின் வரலாற்றில் இத்தகைய ஓர் அத்தையோ சித்தியோ அடுக்களையில் மறைந்து நிற்கிறார்.

அந்நாட்குறிப்பில் தத்துவம் மிகுதியாக இல்லை. காற்று எந்தத் திசையில் வீசியது, யார் தேநீர் அருந்த வந்தார், யாருக்குப் பல்வலி, யாருக்கு இரத்தம் வடித்தார்கள், எந்தக் குழந்தைக்குப் பேதி மருந்து கொடுத்தார்கள் என்பனவே பக்கம் பக்கமாக வருகின்றன. நோய் அவ்வீட்டில் விருந்தாளியாக வந்து செல்லவில்லை, குடியிருந்தது. மகன் வில்லியம் மார்பு நோயால் நெடுங்காலம் நலிந்தார். நோயாளியின் அருகே உறவினரும் அண்டை வீட்டாரும் முறைவைத்து இரவில் விழித்திருப்பது அக்கால வழக்கம். குவேக்கர் குடும்பங்களில் இதனோடு மற்றொரு வழக்கமும் இருந்தது. சங்கத்தின் மூத்தோர் வீட்டிற்கு வந்து, உரையாடலை நிறுத்தி, அனைவரும் சேர்ந்து சிறிது நேரம் மௌனமாக அமர்ந்திருப்பர். நோயாளியிடம் என்ன பேசுவது என்று அறியாமல் ஏதேதோ பேசி அவரைக் களைப்படையச் செய்யும் வருகைகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். பேசாமல் உடனிருப்பதையே ஒரு கடமையாக வகுத்தவர்கள் நோயாளியின் நிலையை நன்கு அறிந்தவர்கள் என்றே கருதுகிறோம்.

வெளியுலகத் துன்பமும் அவ்வீட்டை விட்டுவைக்கவில்லை. அமெரிக்கர் ஆங்கில ஆட்சியை எதிர்த்துப் போர் புரிந்த காலத்தில், எப்பக்கத்திற்கும் படைத்துணை செய்ய மறுத்த குவேக்கர்கள் இரு பக்கத்தாராலும் ஐயுறப்பட்டனர். 1777 செப்டம்பரில் ஹென்றி உள்ளிட்ட குவேக்கர் பலர் விசாரணை ஏதுமின்றி வர்ஜீனியாவின் வின்செஸ்டருக்கு நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் இருவர் அங்கேயே இறந்தனர். பிள்ளைகளோடு தனித்திருந்த எலிசபெத்தின் வீட்டில் ஆங்கிலப் படை அதிகாரி ஒருவர் வந்து தங்கினார். 1778 ஏப்ரலில் அம்மையார் வேறு மூன்று பெண்களோடு புறப்பட்டு, பாசறையில் இருந்த ஜார்ஜ் வாஷிங்டனை நேரில் கண்டு முறையிட்டார். அம்மாதமே கைதிகள் விடுதலை பெற்றனர். துன்பத்தை இறைவன் சித்தம் என நம்பியவர்தாம், கெட்டுக் குழியாகிக் கிடந்த சாலைகளில் வண்டியேறிச் சென்று அதிகாரிகளின் வாயிலில் நின்றார் என்பதை ஈண்டு நினைவில் இருத்துவோம்.

இனி, நம் வினாவின் மையத்திற்கு வருகிறோம். 1781இல் அவர்களுக்குச் சார்லஸ் என்னும் மகன் பிறந்தான். பிறப்பிலேயே மெலிந்தவன். தாய் ஏறத்தாழ இடைவிடாமல் அவனைக் காத்துவந்தார். மெல்ல மெல்லத் தேறி, கொழுகொழுவென வளரத் தொடங்கினான். 1784 மார்ச்சு மாதத்தில் மார்பில் கோழை கட்டியது. எதையேனும் வெளிக்கொணர்ந்தாலன்றிப் பிழைக்கமாட்டான் என்று கூறிய மருத்துவர், மென்மையானது என்று கருதிய ஒரு வாந்தி மருந்தைக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். மருந்து குழந்தையை மிகவும் அலைக்கழித்தது. ஆனால் வாந்தி வரவில்லை. உட்கொண்டு இருபது நிமிடங்களுக்குச் சற்று மேலான வேளையில் உயிர் பிரிந்தது. மார்ச்சு 17, அவர்கள் கணக்கில் நான்காம் நாள். வயது இரண்டு ஆண்டு, ஏழு மாதம், ஒரு நாள் என்று தாய் எழுதிவைத்தார். ஒரு வாரத்திற்கு முன் நலமாக இருந்ததையும், இறப்பதற்கு முன்னாள் ஒரு பல் முளைத்ததையும் எழுதினார். தம் சிறு துணைவனைத் திடீரென இழந்தேன் என்னும் பொருள்பட ஒரு வாக்கியமும் உண்டு.

அக்குறிப்பில் மருத்துவரைப் பழித்து ஒரு சொல் இல்லை. இறைவன் சித்தம் என்று தம்மைத் தேற்றிக்கொண்டும் எழுதவில்லை. இருபது நிமிடம் என்ற கணக்கு மட்டும் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்த தாய் அவர். மருந்துக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட காலத்தை அளந்து எழுதிவிட்டு, அதிலிருந்து எந்த முடிவையும் எழுதாமல் விட்டார்.

இதை எவ்வாறு கொள்வது? கல் நெஞ்சம் என்று ஒருவர் கூறலாம். அடக்கிவைத்த குற்றச்சாட்டு என்று மற்றொருவர் கூறலாம். இரண்டும் பொருந்தவில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. பல் முளைத்ததை எழுதிய கை கல்லாக இருக்க முடியாது. அவர் அறிந்தது மருந்து கொடுத்ததும், குழந்தை இறந்ததும், இடையே சென்ற நேரமும். மருந்தே கொன்றது என்பதோ, மருந்தின்றியும் இறந்திருப்பான் என்பதோ அவர் அறியாதவை. அறியாததைக் கூறுவதில்லை என்பது பிரமாணம் செய்ய மறுத்த அம்மக்களின் வாய்மை ஒழுக்கம். தம் வாழ்வின் மிகக் கொடிய நாளிலும் அவ்வொழுக்கத்தில் நின்றார். தவறு யாருடையது என்று ஒருவரைச் சுட்டினால் நெஞ்சு சற்று ஆறும். இறைவனைச் சுட்டினாலும் ஆறும். இரண்டு ஆறுதலையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

குவேக்கர்களிடையே இறந்தோரின் இறுதி மொழிகளைத் தொகுத்து நூலாக்கும் வழக்கம் இருந்தது. 1701இல் ஜான் டாம்கின்ஸ் என்பார் தொடங்கிய அத்தகைய தொகுப்பு பல பாகங்களாகத் தொடர்ந்தது. அவற்றில் அனைவரும் அழகாக இறக்கிறார்கள். அவை படிப்போரைத் தேற்றுவதற்காகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. பயனற்றவை என்று கூறமாட்டோம். ஆனால் துன்பத்தை ஏற்பது என்றால் என்ன என்பதைக் கற்க, அத்தொகுப்புகள் அனைத்தையும்விட டிரிங்கர் அம்மையாரின் அவ்வொரு குறிப்பு நமக்கு மிகுதியாக உதவுகிறது.

அவர் ஆறுதல் கூறும் முறையும் அத்தகையதே. மூத்த மகள் சாலி 1799 அக்டோபரில் பேறுகால வேதனையில் கிடந்தார். அன்று அவருடைய முப்பத்தெட்டாம் பிறந்தநாள். வலி நீண்டது. அருகிருந்த தாய், இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கூறவில்லை. உனக்கு வயது முப்பத்தெட்டு. இக்குழந்தைக்கு இரண்டு ஆண்டுகள் பால் கொடுத்து வளர்க்க முடிந்தால், இத்தகைய சோதனைகளில் இதுவே கடைசியாக இருக்கலாம் என்று கணக்கிட்டுச் சொன்னார். கேட்போர்க்குச் சிரிப்பு வரலாம். ஆயினும் பொய் கலவாத ஆறுதல் எவ்வளவு அரியது என்பதை நோயாளியின் கட்டிலருகே நின்றவர்கள் அறிவர்.

எலிசபெத் பிலடெல்பியாவில் வாழ்ந்த காலத்திலேயே, அருகில் உள்ள நியூ ஜெர்சியில் ஜான் வுல்மன் என்னும் குவேக்கர் வாழ்ந்தார். 1720இல் பிறந்தவர், தையல் தொழில் செய்தவர், அடிமை முறைக்கு எதிராக வீடு வீடாகச் சென்று பேசியவர். பிலடெல்பியாவின் குவேக்கர் பேரவை 1776இல் அடிமைகளை விடுவிக்க மறுப்போரைச் சங்கத்திலிருந்து நீக்க முடிவு செய்தமைக்கு அவருடைய உழைப்பும் ஒரு காரணம். அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதால் சர்க்கரையை விலக்கினார். சாயமிடாத துணியே உடுத்தார்.

பெரியம்மையைப் பற்றி அவர் எழுதியது சிந்தனைக்குரியது. அவருடைய மூத்த சகோதரி முப்பத்தொரு வயதில் அந்நோயால் இறந்தார். அக்காலத்தில், அம்மை கண்டவரின் கொப்புளச் சீழை நலமுள்ளோர் உடலில் சிறிதளவு செலுத்தி, மென்மையாக நோய் வரச் செய்யும் அம்மை குத்தும் முறை பரவிவந்தது. வுல்மன் தயங்கினார். அந்நோய் மக்களைத் தம் வாழ்வை ஆராயத் தூண்டும் தூதன் எனக் கருதினார். ஊரில் அம்மை பரவும்போது ஒரு கூட்டத்திற்குச் செல்லத் தோன்றினால், இப்பயணம் உண்மையில் கடமையா, வெறும் வழக்கமா, பொழுதுபோக்கா என்று தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார். தேவையற்ற கூட்டங்கள் குறைந்தால் நோய் பரவுவதும் குறையும் என்பதை 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றைக் கண்ட நமக்கு விளக்க வேண்டியதில்லை. விதி என்று கைகட்டி அமர்தலும் இதுவும் ஒன்றாகா.

ஆனாலும் இங்கே நாம் தடுமாறுகிறோம். குவேக்கர்களிலேயே இலண்டனின் புகழ்பெற்ற மருத்துவர் ஜான் பாதர்கில் போன்றோர் அம்மை குத்துவதை ஆதரித்தனர். குத்திக்கொண்டோரில் இறந்தவர் சிலர். தாமாக நோய் கண்டோரில் இறந்தவர் பலர். வுல்மனின் தயக்கத்திற்கும் காரணம் இல்லாமலில்லை. குத்திக்கொண்டவர் சில நாட்கள் மற்றவர்க்கு நோயைத் தரக்கூடியவராக இருந்தார். அவர் பிழைக்க, அண்டை வீட்டார் இறக்க நேரலாம். பசுவின் அம்மையிலிருந்து ஜென்னர் கண்ட பாதுகாப்பான முறை 1796இல்தான் வந்தது. 1980இல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. வுல்மன் காலத்தில் அவ்வறிவு இல்லை. இருப்பினும் ஒருவர் தம் உடலைப் பற்றி எடுக்கும் முடிவு அவரோடு நின்றுவிடுவதில்லை என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

1772இல் வுல்மன் மனைவியையும் மகளையும் விட்டு இங்கிலாந்து சென்றார். அங்கே பயண வண்டிகள் ஒரு பகலும் இரவுமாக நூறு மைலுக்கு மேல் ஓடுவதையும், குதிரைகள் ஓட்டியே கொல்லப்படுவதையும், பல குதிரைகள் குருடாகும் வரை விரட்டப்படுவதையும், அஞ்சல் சுமக்கும் சிறுவர்கள் குளிர்கால இரவுகளில் உறைந்து இறப்பதையும் கேட்டறிந்தார். ஆகவே வண்டியேறாமல் இலண்டனிலிருந்து யார்க் நகர் நோக்கி ஊர் ஊராக நடந்தே சென்றார். அதோடு நிற்கவில்லை. சாதாரணச் செய்திகளுக்காகத் தமக்கு அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று நண்பர்களிடம் கூறிவைத்தார். இதனால் வீட்டுச் செய்தி அடிக்கடி கிடைக்காது என்பதை அறிந்தே, அறத்தின் பொருட்டு அதில் மனநிறைவு கொள்வதாக எழுதினார்.

குதிரையின் துன்பத்திற்கும் சிறுவனின் துன்பத்திற்கும் இரங்கி நடந்து சென்றவரை நாம் வணங்குகிறோம். ஆனால் கடிதத்தை விலக்கியபோது இழந்தவர் அவர் ஒருவர் மட்டுமா? கடலுக்கு அப்பால் இருந்த மனைவியும் அதில் பங்குகொண்டார். அவருடைய ஒப்புதல் பெறப்பட்டதா என்பதற்கு விடை நமக்குக் கிடைக்கவில்லை. தம் துன்பத்தைத் தாமே ஏற்பது அறம். தாம் மேற்கொண்ட நோன்பின் சுமையை வீட்டார் மீது இறக்கிவைப்பது அதே அறமாகுமா என்று ஐயுறுகிறோம். நோன்பு நோற்பவர் உள்ள குடும்பங்கள் இவ்வையத்தைப் புதியதாகக் கருதமாட்டா.

யார்க் நகரை அடைந்த சில நாட்களில் வுல்மனுக்கே பெரியம்மை கண்டது. தாமஸ் பிரீஸ்ட்மன் என்பவர் வீட்டில் படுத்தார். எஸ்தர் டியூக் என்னும் அம்மையாரும் அவருடைய கணவரின் பதினாறு வயது மகள் சாராவும் அவரைப் பேணியவர்களுள் இருந்தனர். மருந்து கலக்கும் இளைஞர் ஒருவர், குவேக்கர் அல்லாதவர், தாமாகவே வந்து உதவ விரும்பினார். வுல்மன் மறுக்கவில்லை. ஒடுக்குவோர் கைவழியாகவோ மாசுபட்ட வழியிலோ வராத மருந்து ஏதேனும் இருந்தால் அதை எண்ணிப்பார்த்து, உள்ளம் இசையும் அளவுக்கு எடுத்துக்கொள்வதாகக் கூறினார்.

மருந்தில் கலந்துள்ளது என்ன என்று கேட்டறிந்த பின்பே அருந்தும் வழக்கமுடைய நம் இல்லத்தார்க்கு இச்சொற்கள் அயலாகத் தோன்றா. நாம் பொருளின் பிறப்பைக் கேட்கிறோம். அவர் அப்பொருளை உண்டாக்கிய கைகளின் நிலையையும் கேட்டார். உயிர் போகும் நிலையில் இக்கேள்வி தேவையா என்று சிலர் வினவுவர். நலமாக இருக்கும்போது மட்டும் கேட்கப்படும் கேள்வி எவ்வளவு தூரம் நமக்கு உரியது என்று அவர்களைத் திரும்பக் கேட்கலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். வுல்மன் மறுத்தது தமக்காக. அருகில் படுத்திருந்தது ஒரு குழந்தையாக இருந்திருந்தால், அதற்கான மருந்தை இந்த அளவுகோலால் மறுக்கும் உரிமை எவர்க்கும் உண்டு என்று நாம் ஒப்பமாட்டோம்.

இறுதியில் பேச்சு எழாதபோது எழுதுகோல் கேட்டு, தாம் அங்கிருப்பது இறைவன் அறிவின்படியே என்றும், வாழ்வோ சாவோ தாம் அறியாதது என்றும் எழுதினார். தம்மைப் பேணிய வீட்டார்க்குச் செலவு வைக்கலாகாது என்பதற்காக, எளிய பெட்டி செய்யவும் குழி தோண்டவும் ஆகும் கூலிக்குத் தம் உடைகளைக் கொடுத்துவிடுமாறு சொல்லிவைத்தார். பெட்டி ஓக் மரத்தால் வேண்டாம், அது பயன் மிகுந்த மரம், சாம்பல் மரமே போதும் என்றார். 1772 அக்டோபர் 7ஆம் நாள் காலையில் இறந்தார்.

அவரைப் பேணிய எஸ்தரின் கணவர் வில்லியம் டியூக், தேயிலை வணிகர். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதே யார்க் நகரில் மற்றொரு நிகழ்ச்சி. லீட்ஸ் ஊரைச் சேர்ந்த ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் கைம்பெண், மனநோய் காரணமாக 1790இல் அந்நகரத்து மனநோயாளர் விடுதியில் சேர்க்கப்பட்டார். சங்கத்தார் காணச் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்தார். உடல்நோய் கண்டவரை இரவு பகலாகச் சூழ்ந்திருக்கும் மக்கள், மனநோய் கண்டவரை மட்டும் கதவுக்குப் பின்னே விட்டுவிட்டோம் என்பதை உணர்ந்தனர். நமக்கென ஓர் இல்லம் ஏன் கூடாது என்று முதலில் கேட்டவர் டியூக்கின் மகள் ஆன். 1796இல் முப்பது பேர்க்கு இடமுள்ள இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. புகலிடம் என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர்.

அவ்வில்லத்தைப் பற்றி டியூக்கின் பேரர் சாமுவேல் 1813இல் எழுதிய நூல் விரிவான செய்திகளைத் தருகிறது. அங்கே சங்கிலி இல்லை. சாளரங்களின் இரும்புச் சட்டங்கள் மரச் சட்டங்கள்போல் தோன்றுமாறு செய்யப்பட்டன. சிறை என்ற எண்ணம் நோயாளிக்கு எழலாகாது என்பது நோக்கம். தோட்ட வேலையும் தையல் வேலையும் கொடுத்தனர். மேற்பார்வையாளர் நோயாளிகளை விருந்தினர்போலத் தேநீருக்கு அழைத்தார். அவர்களும் தம் நல்ல உடைகளை உடுத்து வந்தனர். முற்றங்களில் முயல்களும் கோழிகளும் கடற்பறவைகளும் விடப்பட்டிருந்தன. சிற்றுயிர்களோடு பழகுவதால் நோயாளியின் உள்ளத்தில் உறங்கிக்கிடக்கும் அன்பு விழித்தெழும் என்று அவர்கள் நம்பினர். தன் அறிவு சிதறிய நிலையிலும் ஒருவரால் மற்றோர் உயிரிடம் இரக்கம் காட்ட இயலும் என்று நம்பியதுதான் நம்மை மிகவும் கவர்கிறது.

குறைகளும் உண்டு. கட்டி வைப்பது அறவே ஒழியவில்லை, அரிதாக்கப்பட்டது. பிறர் மதிப்பை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தைக் கொண்டு நோயாளியைத் தானே அடங்கச் செய்வதும் ஒருவகைக் கட்டே என்று பிரெஞ்சு அறிஞர் பூக்கோ 1961இல் எழுதினார். அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் சங்கிலிக்கும் தேநீர்க் கோப்பைக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நோயாளி எதைத் தேர்வார் என்பதையும் கேட்க வேண்டுமன்றோ?

இனி மீண்டும் பிலடெல்பியாவுக்கு. அங்கே 1793இல் மஞ்சள் காய்ச்சல் பரவி, ஐம்பதினாயிரம் மக்கள்தொகை கொண்ட நகரில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் இறந்தனர். வசதியுள்ளோர் ஊரைவிட்டு வெளியேறினர். டிரிங்கர் குடும்பமும் அருகிலுள்ள ஜெர்மன்டவுனுக்குச் சென்றது. நோயாளிகளைப் பேணவும் பிணங்களை அடக்கவும் நகரில் நின்றவர்களுள் கறுப்பின மக்கள் முதன்மையானவர்கள். அவர்களை அந்நோய் தொடாது என்று மருத்துவர்கள் கூறியது பொய்யாயிற்று. அவர்களிலும் பலர் இறந்தனர். கொசுவே அந்நோயைப் பரப்புகிறது என்பது 1900இல்தான் மெய்ப்பிக்கப்பட்டது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறிய தாயை நாம் குறைகூற மாட்டோம். செல்ல இடமில்லாதவர்களின் தோளில் அப்பணி விழுந்தது என்பதை மட்டும் குறிக்கிறோம்.

அடுத்த ஆண்டு அவ்வீட்டின் ஒப்பந்தப் பணிப்பெண், வெள்ளையினப் பெண், அதே வீட்டில் பணிசெய்த கறுப்பின இளைஞனால் கருவுற்றாள். டிரிங்கர் குடும்பம் அவளைத் தெருவில் விடவில்லை. தங்கள் நாட்டுப்புற வீட்டில் வைத்துப் பேறு பார்த்தனர். 1794 இறுதியில் பெண் குழந்தை பிறந்தது. தாய் அதற்குத் தந்தையின் குடிப்பெயரைச் சேர்த்துப் பெயரிட்டாள். எலிசபெத் அம்மையார் அதை ஏற்கவில்லை. கேத்தரின் கிளியர்பீல்டு என்று வேறு பெயர் வைத்தார். கிளியர்பீல்டு என்பது அவர்களுடைய நாட்டுப்புற வீட்டின் பெயர். குழந்தை தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, கூலிக்கு வளர்க்கும் பெண்ணிடம் கொடுக்கப்பட்டது. அதற்கான செலவை அக்குடும்பம் ஏற்றது. தாய் மீண்டும் வேலைக்குத் திரும்பினாள். மறு ஆண்டு, பிறந்து ஓராண்டு நிறையுமுன்பே, அக்குழந்தை நோயுற்று இறந்தது.

அம்மையார் கொடியவர் அல்லர். அடிமை முறையை வெறுத்த சங்கத்தைச் சேர்ந்தவர். பணியாட்கள் நோயுற்றபோது மருத்துவரை அழைத்தவர். அவர் காலத்துச் செல்வக் குடும்பங்கள் பல இதில் பாதியும் செய்திரா. ஆனால் சார்லஸ் இறந்தபோது ஆண்டும் மாதமும் நாளும் நிமிடமும் எண்ணிய அதே எழுதுகோல் இங்கேயும் இருந்தது. ஏற்பு, அமைதி என்று நாம் போற்றும் பண்பு, பிறர் வீட்டுத் துன்பத்தைப் பொறுத்தவரை மிக எளிதாக வந்துவிடுகிறது. அங்கே அதற்கு அப்பெயர் பொருந்துமா என்பதே நம் ஐயம். தன் குழந்தையின் மரணத்தை அமைதியாக எழுத அத்தாய் எவ்வளவு போராடியிருப்பார்! பணிப்பெண்ணின் குழந்தையைப் பற்றி அமைதியாக எழுத அத்தகைய போராட்டம் தேவைப்பட்டிராது. இரு குறிப்புகளும் ஒரே நடையில், ஒரே கையெழுத்தில் உள்ளன.

1807 செப்டம்பரில் மூத்த மகள் சாலி இறந்தார். எலிசபெத்துக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. அதன் பின்னும் நாட்குறிப்பு நிற்கவில்லை. நவம்பர் 24ஆம் நாள் அவர் இறந்தார். அதற்குச் சில நாட்கள் முன்பு வரையிலும் எழுதிக்கொண்டிருந்தார். பணிப்பெண் தன் குழந்தைக்கு வைத்த பெயரையும் அந்நாட்குறிப்பின் வழியாகவே நாம் அறிகிறோம்.